கோல்போஸ்டுக்குப் பின்னால் ஒரு வீடு

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பெண் மைதானத்துக்குள் நடந்து வந்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கு எதிராக இரண்டாவது கோல் அப்போதுதான் விழுந்திருந்தது. எங்கள் கோல்கீப்பர் தங்கையன் வலது கம்பத்தின் அடியில் குப்புறக் கிடந்தார். பந்து தாண்டிப் போன பிறகுதான் அவர் பாய்ந்தார் என்பது என் கணிப்பு. கூட்டத்தின் கணிப்பும் அதுவே. மேற்குப் பக்கம் கயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றவர்கள் கூவத் தொடங்கினார்கள்.

"எலே, பந்து பாறசாலை போய்ச் சேந்த பொறவு சாடுதாரு பாருலே!"

"அமரவிளை செக்போஸ்டுல லாரியாவது நிக்கும் மக்கா. இவருக்க கையில ஒரு பந்து நிக்குமா?"

சிரிப்பு அடங்குவதற்குள், கோல்போஸ்டுக்குப் பின்னால் இருந்த ஓலை வீட்டின் கதவு திறந்தது. தங்கையனின் மனைவி ஞானம்மாள் வெளியே வந்தார். கோலுக்கு வலை கட்டும் வசதி எங்கள் கிளப்புக்கு அப்போது இல்லை. எனவே அவர் இரண்டு கம்பங்களுக்கும் நடுவே, பந்து போன வழியிலேயே, எதிர்த்திசையில் நடந்து வந்தார். இரண்டு கையிலும் மரச்சீனிக் கிழங்கு உரித்த மண் அப்பியிருந்தது.

கணவரின் தலைமாட்டில் நின்றார்.

"எழும்பும். மதி, போதும். இனி நீரு இதுல கெடந்து உருள வேண்டாம்."

தங்கையன் தலையைத் தூக்கினார். "எட்டீ, ஆட்டம் நடக்குது. உள்ள போ."

"வீடு போவாது. கேட்டீரா? நீரு ஆடினாலும் போவாது, ஆடல்லேன்னாலும் போவாது. எழும்பும்."

கூவல் பாதியில் நின்றது. அவர் சொன்னது யாருக்கும் விளங்கவில்லை. பந்துக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? நாகர்கோவிலிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு நான் அந்த நாட்களில் உள்ளூர்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். எல்லைக்கோட்டருகே மடியில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தவன், பேனாவை மூடினேன். ஏன் மூடினேன் என்று இன்றும் தெரியாது.

அந்த வீட்டின் கதையைச் சொன்னால்தான் அந்தக் கணம் புரியும்.

கீப்பருக்குக் கட்டிய வீடு

தங்கையனின் சொந்த ஊர் காஞ்சிரங்குளம் பக்கம். இளவயதில் எதிரணியின் கீப்பராக எங்கள் ஊருக்கு ஆட வந்தார். அன்று எங்கள் ஆட்கள் அடித்த எதுவும் உள்ளே போகவில்லை. ஆட்டம் முடிந்ததும் கிளப் செயலாளர் சதாசிவன் சார் அவருடைய கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம், மாடு வாங்கப் போனவர் போல. சார் பள்ளிக்கூட வாத்தியார். கிளப்புக்கு அவரே செயலாளர், பயிற்சியாளர், பந்துக்குக் காற்றடிப்பவர் எல்லாம்.

தங்கையன் எங்கள் அணிக்கு வந்தார். ஆனால் நேரத்துக்கு வரவில்லை. பாதி வழி நடை, பாதி வழி பஸ். ஒரு முறை இடைவேளையின்போதுதான் வந்து சேர்ந்தார். அதற்குள் ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தது.

கமிட்டி கூடி ஒரு முடிவெடுத்தது. கீப்பர் கோலுக்கு வந்து சேர்வதில்தானே சிக்கல்? கீப்பரைக் கோலுக்குப் பின்னாலேயே குடிவைத்துவிட்டால் போகிறது.

மைதானம் தெக்கேவீட்டுக்காரருக்குச் சொந்தமான விளைநிலம். ஊரின் பெரிய நிலக்காரர் அவர்தான், கிளப் தலைவரும் அவர்தான். தலையசைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்த ஆட்டக்காரர்களும் கோயிலுக்குப் போய் வந்த ஆட்டக்காரர்களும் சேர்ந்து மண் குழைத்தார்கள், ஓலை முடைந்தார்கள். தங்கையன் புது மனைவியோடும் ஒரு பானையோடும் வந்து இறங்கினார்.

கோலின் குறுக்குக் கம்பத்தைத் தாண்டிப் போகும் பந்தெல்லாம் அந்தக் கூரையில்தான் விழும். ஒன்றிரண்டு, கதவு திறந்திருந்தால், நேரே அடுக்களைக்குப் போகும். மீன்கறிச் சட்டி உடைந்து, புளிக்குழம்பு மணக்க மணக்கப் பந்து திரும்பி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். "எனக்க வீட்டுல கறி வைக்கணும்னா உங்க ஃபார்வேர்டு நேரா அடிக்கப் படிக்கணும்" என்று ஞானம்மாள் சாரிடம் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள்.

பால் காய்ச்சிய அன்று சார் ஒரு வாக்கியம் சொன்னார்: "தங்கையா, நீரு கிளப்புக்கு நிக்குத வரை வீடு உமக்காக்கும்."

சந்தோஷத்தில் சொன்ன வார்த்தை. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அந்த வாக்கியத்தைத் தங்கையன் எப்படிக் கேட்டுக்கொண்டார் என்று யாரும் யோசிக்கவில்லை.

பத்து சென்ட்

கேரளத்தில் நிலச் சட்டம் வந்த காலத்தைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவருக்கு அந்தக் குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் உரிமை உண்டு என்றது சட்டம். குடிகிடப்பு என்று அதற்குப் பெயர். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நிலக்காரர் வீட்டு முற்றத்தில் நின்றவர்கள், ஒரு காலையில் தங்கள் குடிசையைச் சுற்றிக் கம்பு நட்டார்கள். சில இடங்களில் சண்டை. சில இடங்களில் நிலக்காரரே வந்து அளவுக்கு நின்றார். நெய்யாற்றின்கரைக்கு இந்தப் பக்கம் எந்த ஒழுங்கையில் சைக்கிளை விட்டாலும் புதுவேலியின் பச்சை வாடை வந்தது.

தங்கையன் கம்பு நடவில்லை. ஒரு முறை நானே கேட்டேன்.

"அது நமக்கு இல்ல தம்பி" என்றார். "அது நிலக்காரருக்கப் பணி எடுத்துக் கெடந்தவங்களுக்கு. நம்ம வீடு கிளப்பு வீடாக்கும். நான் பந்து பிடிக்கேன், அதுக்குத் தந்த வீடு."

சரியென்றே எனக்கும் பட்டது. ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். எங்கோ ஒரு நிலக்காரரின் தென்னந்தோப்பில் காவல் கிடந்தவனைச் சட்டம் நினைத்திருக்கலாம். கோல்போஸ்டைக் காவல் காத்தவனை நினைத்திருக்குமா?

அவர் பகலில் கூலிக்கு மண் வெட்டினார். வேறு நிலம் கிடையாது. பிள்ளைகளும் இல்லை.

மஞ்சள் நைலான்

பிறகு பெர்ஷியா வந்தது. வளைகுடா என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை. துபாய் போனாலும் மஸ்கட் போனாலும் பெர்ஷியாதான்.

முதலில் இடது பக்கம் ஆடியவன் போனான். அடுத்த சீசனுக்குள் ஃபார்வேர்டு வரிசை முழுவதும் பம்பாய் ரயிலில் ஏறிவிட்டது. பயிற்சிக்கு வருகிறவன் என்றைக்கு பாலிஷ் போட்ட ஷூவோடு வந்து கோட்டுக்கு வெளியே நிற்கிறானோ, அன்றைக்கு அவனுக்கு விசா வந்துவிட்டது என்று அர்த்தம். சார் ஒவ்வொருவன் கையையும் குலுக்கி அனுப்புவார். பிறகு திரும்பி மிச்சமிருப்பவர்களை எண்ணுவார்.

லீவுக்கு வந்த ஒருவன் தங்கையனுக்கு மஞ்சள் நைலான் சட்டை கொண்டுவந்தான். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தப் பளபளப்பில் இளைஞன் போலத் தெரிவார். பக்கத்தில் போனால் வியர்வையும் நைலானும் கலந்த ஒரு புழுங்கல் வாடை அடிக்கும். ஆட்டத்துக்கு முன் ஞானம்மாள் பழைய சேலையைக் கிழித்து இரண்டு முட்டியிலும் இறுக்கிச் சுற்றிவிடுவார். கிளப் அறையின் படிகளில் தங்கையன் பின்பக்கமாகத் திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். மாடியில் கிளப், கீழே அரிசி மில். தவிட்டுத் தூசியில் அவருடைய கால்தடம் தலைகீழாகக் கிடக்கும்.

அவர் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று ஊர் பேசத் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. விசாவுக்குக் காத்திருந்த பாறசாலைக்காரன் ஒருவன் நல்ல கீப்பர். அதுவரையாவது அவனை நிறுத்தலாமே என்று கமிட்டியில் ஒருவர் எழுந்து கேட்டார். நான் அன்று அறையில் இருந்தேன்.

சதாசிவன் சார் எழுந்தார். "முட்டு போனா என்ன? கீப்பருக்குக் கண்ணாக்கும் முக்கியம். தங்கையனுக்க கண்ணு இந்த ஜில்லாவுல வேற யாருக்கு உண்டு? இந்த சீசனும் அவரு நிக்கணும்."

"சாரே, கண்ணால பந்தைப் பிடிக்க முடியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. தலைவர் நாற்காலியில் தெக்கேவீட்டுக்காரரும் சிரிக்கவில்லை. "தங்கையன் நிக்கட்டு" என்று மட்டும் சொன்னார். அதோடு முடிந்தது.

வாசலில் நின்ற தங்கையனைப் பார்த்தேன். "கமிட்டி சொன்னா நிக்கேன்" என்றார். அதுவரை தூக்கிப் பிடித்திருந்த தோள்கள் அப்படியே தளர்ந்தன. ஆட்டத்தை விட மனமில்லாத ஆளின் நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். ஊரும் அதைத்தான் சொன்னது: கிழவனுக்கு ஆசை விடல்ல. கமிட்டியைப் பற்றி ஊர் சொன்னது வேறு: நன்றியுள்ள கமிட்டி.

இரண்டுமே தவறு. ஆனால் அதெல்லாம் ஞானம்மாள் கோலுக்குள் நடந்து வரும் வரை யாருக்கும் தெரியாது.

"உரக்கச் சொல்லும்"

அன்று மத்தியானம் ஞானம்மாளின் தம்பி பாலராமபுரத்திலிருந்து ஆட்டம் பார்க்க வந்திருந்தார். அங்கே தறி நெய்கிறவர். முந்தின வருடம் அவருக்குப் பத்து சென்ட் கிடைத்திருந்தது. சாப்பிடும்போது, நீங்கள் ஏன் இன்னும் அளக்கவில்லை என்று கேட்டிருக்கிறார். இது கிளப் வீடு என்றார் அக்கா.

"யாரு கெட்டினா என்ன அக்கா? மண்ணு தெக்கேவீட்டுக்காரருக்கது. அவரு சம்மதிச்சாரு. நீங்க அதுல கெடக்குதீங்க. வேற மண்ணு உண்டா உங்களுக்கு?"

"ஒரு பிடி இல்ல."

"பின்னே? அத்தான் பந்து பிடிச்சாலும் பிடிக்கல்லேன்னாலும் இது உங்களுக்கதாக்கும். எனக்கப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு இதே மாதிரிதான் கிடைச்சது."

தம்பி மைதானத்துக்குப் போய்விட்டார். ஞானம்மாள் மரச்சீனி உரிக்க உட்கார்ந்தார். முதல் கோலுக்குக் கூவல் கேட்டது. உரித்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது கோலுக்குக் கூவல் கேட்டது. எழுந்துவிட்டார். இதையெல்லாம் அவரே பிறகு சொன்னார்.

இனி மைதானத்துக்கு வருகிறேன்.

தங்கையன் கம்பத்தைப் பிடித்து எழுந்து நின்றார். மனைவியைப் பார்க்கவில்லை. மைதானத்துக்குக் குறுக்கே, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சதாசிவன் சாரைப் பார்த்தார்.

"சாரே, இவ என்னமோ சொல்லுதா. நேரா, நெசந்தானா?"

சார் பதில் சொல்லவில்லை. இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் ஆட்டம் தொடர்ந்திருக்கும். என்ன உளறுகிறாய் என்று சிரித்திருந்தாலும் போதும். அவர் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தார், பிறகு பிரித்தார். அவருடைய முகம் வெளிறுவதை அவ்வளவு தூரத்திலிருந்தும் நான் பார்த்தேன். பிறகு பல கலவரங்களிலும் விபத்துகளிலும் செய்தி சேகரித்திருக்கிறேன். ஒரு மனிதரின் மௌனம் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியதை அன்று மட்டுமே கண்டேன்.

நடுவர் நெய்யாற்றின்கரைக்காரர். இப்படி ஒன்றுக்கு என்ன விதி என்று தெரியாமல் விசிலை ஊதி இடைவேளை விட்டார்.

தங்கையன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இடைவேளை முடிந்தும் கதவு திறக்கவில்லை. சார் போய்க் கதவைத் தட்டினார். பின்னாலேயே கூட்டமும் போனது. கூவியவர்கள்தான் முன்வரிசையில்.

"தங்கையா, வெளிய வாரும். ஆட்டம் முடியட்டு. பொறவு பேசலாம்."

உள்ளிருந்து குரல் வந்தது. "நான் வரல்லேன்னா வீட்டைப் பொளிச்சுத் தள்ளுவீரா?"

"என்ன பேச்சு இது?"

"மூணு வருசமா முட்டு போச்சு சாரே. ராத்திரி ஒண்ணுக்கு இருக்க எழும்பணும்னா இவ தூக்கி விடணும். ஒவ்வொரு சீசனும் உமக்க வாயத்தான் பாத்தேன். நிக்க வேண்டாம்னு சொல்லுவீரோ, வீடு போவுமோன்னு. இப்பம் சொல்லும். நான் நிக்கல்லேன்னா வீடு போவுமா?"

"போவாது" என்றார் சார், தாழ்ந்த குரலில்.

கதவைத் திறந்தது ஞானம்மாள். "உரக்கச் சொல்லும் சாரே. அந்தத் தெங்குக்குக் கீழ நிக்கவனுக்கும் கேக்கட்டு. அவனாக்கும் கூடுதல் கூவினது."

"போவாது! உமக்க வீட்டை யாரும் எடுக்க முடியாது. நீரு ஆடினாலும் ஆடாட்டாலும். மதியா?"

அந்தக் கேள்வியில் கோபமில்லை. அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. தெக்கேவீட்டுக்காரரின் கார் ஒழுங்கை திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

தங்கையன் இரண்டாம் பாதி ஆடவில்லை. நடு மைதானத்துக்காரன் ஒருவன் கோலில் நின்றான். தங்கையன் தன் வாசல்படியில், முட்டுத் துணியை அவிழ்த்துப்போட்டுவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தார். அந்த மைதானத்தில் அவர் ஒரு ஆட்டத்தை வெளியிலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் படுமோசமாகத் தோற்றோம். யாரும் கூவவில்லை.

சார் சொன்னது

சில நாள் கழித்து அமரவிளை டீக்கடையில் சாரைப் பார்த்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. அவரே தொடங்கினார்.

"நான் பொய் ஒண்ணும் சொல்லல்ல. அவரு கேக்கல்ல, நான் சொல்லல்ல. அவ்வளவுதான்."

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட் அளந்தா கோல்போஸ்டு அதுக்குள்ள விழும். கிரவுண்டு போச்சு. சட்டம் வந்த அன்னைக்கே தலைவரு சொன்னாரு. அந்த ஆளு ஆடுத வரை வீட்டைப் பற்றி நினைக்க மாட்டான், ஆட்டத்தை நிறுத்தினா அடுத்த நாளு நினைப்பான்னு. நான் கிரவுண்டைத்தான் நினைச்சேன், வேற ஒண்ணையும் நினைக்கல்ல."

அந்த மனிதரை நான் மதித்தேன். இப்போதும் மதிக்கிறேன். வீடு போய்விடும் என்ற பயத்தில் ஒருவர் ஆட முடியாத காலோடு ஆடினார். மைதானம் போய்விடும் என்ற பயத்தில் இன்னொருவர் அவரைப் புகழ்ந்துகொண்டே இருந்தார். தங்கையன் கோலில் நிற்கக் கூடாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நடுவில் நின்று ஊர் கூவியது.

"தலைவருக்கு வேற நிலமே இல்லையா சார்?" என்று கேட்டேன்.

"உண்டு" என்றார். "கிளப்புக்கு வேற கிரவுண்டு இல்ல."

வேலி

அளவுக்காரர்கள் வந்தார்கள். சார் சொன்னது சரியாகவே இருந்தது. கோல்போஸ்டு தங்கையனின் பங்கில் விழுந்தது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் துணியவில்லை. கிளப் கம்பங்களைப் பிடுங்கி வேலிக்கு இந்தப் பக்கம் நட்டுக்கொண்டது. மைதானம் குட்டையாயிற்று. வெளியூர் கீப்பர்கள் உதைத்த பந்து எதிர்க் கோலைத் தாண்டிப் போகும். 'இதென்ன கிரவுண்டு' என்று கேட்பார்கள். யாரும் விளக்கம் சொல்ல மாட்டார்கள்.

பழைய கோல் வாயில் புல்லே முளைக்காத ஒரு வழுக்கை உண்டு, தங்கையன் இத்தனை வருடம் நின்று தேய்த்தது. ஞானம்மாள் அதைக் கொத்திப் புரட்டி மரச்சீனி நட்டார்.

அடுத்த சீசன் தொடங்கும் நேரத்தில், கிளப் நம்பியிருந்த பாறசாலைக் கீப்பருக்கு விசா வந்துவிட்டது. முதல் ஆட்டத்துக்கு ஆளில்லை. அன்று காலை சதாசிவன் சார் வேலியருகே வந்து நின்றார். வாசல் வழியாகப் போகவில்லை. நான் மைதானத்தில் சுண்ணாம்புக்கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு காதில் விழுந்தது.

"தங்கையா, ஒரு ஆட்டம் நிக்க முடியுமா?"

தங்கையன் கிழங்கு மூட்டில் மண் அணைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சாரே, ஒண்ணு கேக்கட்டா? நான் கொள்ளாமா? நல்ல கீப்பரா?"

சார் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டார். மூன்று வருடம் கமிட்டியில் அவர் இதற்குப் பதில் சொன்னதைக் கேட்டவன் நான்.

"இல்ல" என்றார். "கொள்ளாது. முட்டு போச்சு. கண்ணும் போச்சு. ஆனா வேற ஆளில்ல."

தங்கையன் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

"இந்த ஒரு வார்த்தைய முன்னமே சொல்லியிருக்கப்பிடாதா ஓய்? எட்டீ, முட்டுத் துணி எங்க?"

ஞானம்மாள் துணியோடு வெளியே வந்தார். சாரைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். மரச்சீனிக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, அவருடைய முட்டியில் துணியை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"இந்த வட்டம் தோத்தாலும் வீடு போவாது" என்றார். "போயி நல்லா தோத்துட்டு வாரும்."